சிவப்புக் கோட்டுக்குப் பின்னால்

உலாவியில் மின்னஞ்சலோ விண்ணப்பமோ எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின் அடியில் சிவப்பு நெளிகோடு விழுந்தால், "இது தவறு" என்று இயந்திரம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கோட்டுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. "இந்தச் சொல் என் பட்டியலிலும் இல்லை, என் விதிகளுக்கும் அடங்கவில்லை" என்பது மட்டுமே அது சொல்லும் சேதி. நம் ஊர்ப்பெயருக்கும் குழந்தைகளின் பெயருக்கும் கோடு விழுவது அதனால்தான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "தலை வலிக்கிறது" என்பதைத் "தலை வழிக்கிறது" என்று எழுதினால், எவ்வளவு நல்ல தமிழ் அகராதி இருந்தாலும் கோடு விழக் காரணமில்லை. வழித்தல் என்று ஒரு வினை தமிழில் இருக்கிறது. சொல்லைத் தனியாகப் பார்க்கும் இயந்திரம் அதோடு நின்றுவிடும்.

இப்போதிருப்பதைவிட நல்ல பிழைதிருத்தி தன் உலாவிக்குக் கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் சொற்கள் அதிகம்?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பிழைதிருத்தியின் உள்ளே சொற்பட்டியல் ஓர் உறுப்பு மட்டுமே. சொற்களைப் பிரித்துப் பார்க்கும் விதிகள், தவறு கண்டால் எதைப் பரிந்துரைப்பது என்று ஊகிக்கும் கணக்கு, இந்த வேலையெல்லாம் எந்தக் கணினியில் நடக்கிறது என்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். தமிழில் எழுதுகிறவர்களுக்கோ இவற்றில் விதிகள்தான் உயிர்நாடி.

கதை உலாவிக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. 1961 இல் அமெரிக்காவில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் கையெழுத்தைப் படிக்கும் நிரல் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இயந்திரம் படித்தது சரியா என்று ஒப்பிட 10,000 சொற்கள் கொண்ட பட்டியலை அதில் சேர்த்தார். 1971 இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை அறிவாய்வகத்தில் ரால்ஃப் கோரின் எழுதிய நிரல் ஒரு படி மேலே போனது. பட்டியலில் இல்லாத சொல்லைக் காட்டுவதோடு, அதிலிருந்து ஓர் எழுத்து மட்டும் மாறுபடும் சொற்களையும் தேடி எடுத்துக் கொடுத்தது. பரிந்துரை என்ற வழக்கம் அங்கே பிறந்தது.

பெல் ஆய்வகத்தில் 1975 இல் ஸ்டீவ் ஜான்சன் யூனிக்ஸுக்காக ஒரு பிழைகாட்டியை எழுதினார். பிறகு டக் மெக்கில்ராய் அதை எடுத்துச் செப்பனிட்டார். அவர் முன்னிருந்த இடர்ப்பாடு மிக எளிமையானது: அந்தக் கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைட். இன்று நாம் அனுப்பும் ஒரு சின்னப் படத்துக்கே அது போதாது. அதற்குள் 30,000 சொற்களை அடைத்தாக வேண்டும். சொற்களை எண்களாகச் சுருக்கினார். கூடவே முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் கழற்றிவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் பட்டியலில் வைத்தார். ஒருமையை வைத்துக்கொண்டால் பன்மையை விதியால் வரவழைக்கலாம் அல்லவா? இடமில்லாத நெருக்கடியில் வந்த இந்த உத்தி, பிற்காலத்தில் தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

கோரினின் நிரல் வழியில் ஐஸ்பெல் என்ற பிழைதிருத்தி வந்தது. அதன் ஒட்டு முறையை ஓப்பன் ஆஃபீஸுக்காகக் கெவின் ஹென்ட்ரிக்ஸ் புதிதாக எழுதியபோது அது மைஸ்பெல் ஆனது. இதற்கிடையில் வேர்ட் 95 தட்டச்சிடும்போதே சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு போடும் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது. 2006 அக்டோபரில் வெளியான பயர்பாக்ஸ் 2, இணையப் பக்கத்தின் எழுத்துப்பெட்டிக்குள்ளேயே அந்தக் கோட்டை வரைந்தது. 2008 இல் வந்த பயர்பாக்ஸ் 3 மைஸ்பெல்லை விட்டுவிட்டு ஹன்ஸ்பெல்லுக்கு மாறியது. அதே ஆண்டு பிறந்த குரோமும் ஹன்ஸ்பெல்லையே எடுத்துக்கொண்டது.

ஹன்ஸ்பெல்லை எழுதிய லாஸ்லோ நேமெத் ஹங்கேரிக்காரர். அவருடைய தாய்மொழியும் தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. "என் வீடுகளில்" என்ற பொருளை ஹங்கேரியர்கள் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள்: வீடு, அதன்மேல் பன்மை, அதன்மேல் "என்", அதன்மேல் "இல்". மைஸ்பெல் ஒரு சொல்லிலிருந்து ஒரு பின்னொட்டைத்தான் கழற்றும். ஆங்கிலத்துக்கு அது போதும், ஹங்கேரியனுக்குப் போதாது. எனவே நேமெத் பின்னொட்டுகளை இரண்டு அடுக்குகளாகக் கழற்றும் வசதியைச் சேர்த்தார், யூனிகோடை உள்ளே கொண்டுவந்தார், 65,535 வரை ஒட்டு வகைகளை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் ஒரு நாட்டின் மொழிக்காகச் செய்த வேலை, இன்று உலகமெங்கும் உலாவிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் மொழிக்குச் சரியாக வரவில்லையே என்று ஒருவர் உட்கார்ந்து செய்த வேலையால் இத்தனை மொழிகள் பயன்பெற்றிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஹன்ஸ்பெல் அகராதி என்பது இரண்டு கோப்புகள். ஒன்றில் சொற்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறியீடு. மற்றதில் அந்தக் குறியீட்டுக்கான விதி. "மரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் குறியீடு சுட்டும் விதி இப்படிப் போகும்: சொல் "ம்" இல் முடிந்தால், அந்த "ம்" ஐ நீக்கு, "த்தை" சேர். மரத்தை வந்துவிட்டது. அடுத்த வரியில் "ம்" ஐ நீக்கு, "ங்கள்" சேர் என்றிருக்கும். மரங்கள். பாடம், கூட்டம், படம், நிலம் எல்லாவற்றுக்கும் அதே குறியீட்டைப் போட்டால் போதும். ஆனால் "ரூம்" என்ற சொல்லுக்கு அதைப் போட்டுவிட்டால் "ரூத்தை" என்ற விபரீதச் சொல்லைச் சரி என்று அது ஏற்றுக்கொள்ளும். வீடு வீட்டை ஆகிறது, கார்டு கார்டை ஆகிறது. எந்தச் சொல்லுக்கு எந்தக் குறியீடு என்று தெரிந்த ஒரு மனிதர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக் குறித்தாக வேண்டும். பிழைதிருத்தியின் தரம் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் தங்கியிருக்கிறது.

இப்போது "மரங்களிலிருந்துதானே" என்ற சொல்லைப் பாருங்கள். மரம், கள், இல், இருந்து, தான், ஏ. வேருக்கு மேல் ஐந்து அடுக்குகள். ஹன்ஸ்பெல்லோ இரண்டு அடுக்குதான் கழற்றும். ஆகவே விதி எழுதுகிறவர் "ங்களிலிருந்து" என்பதை ஒரே பின்னொட்டாக முன்கூட்டியே கட்டி முதல் அடுக்கில் வைக்கிறார். "தானே" என்பதை இரண்டாம் அடுக்கில் வைக்கிறார். வேற்றுமைகள் ஒவ்வொன்றுக்கும், ஒருமைக்கும் பன்மைக்கும், தான், உம், ஏ, ஓ, ஆ என்று வரும் இடைச்சொற்களுக்கும் இப்படிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பெயர்ச்சொல்லுக்கே நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்துவிடும். வினைக்கு வந்தால், "வந்துகொண்டிருக்கிறார்களாமே" என்பது நாம் யோசிக்காமல் பேசுகிற சொல்தான். பின்லாந்துக்காரர்கள் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, தங்கள் மொழிக்கென்று வொய்க்கோ என்ற தனிப் பொறியை எழுதிக்கொண்டார்கள். துருக்கியர்களுக்கு ஜெம்பெரெக் இருக்கிறது. உலகப் பொதுவான ஒரு பொறி எல்லா மொழிக்கும் சமமாகப் பொருந்தாது என்பதற்கு இவை சான்று.

பட்டியலின் அளவைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1986 இல் ஜேம்ஸ் பீட்டர்சன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பட்டியல் பெரிதாகப் பெரிதாக, கைதவறி அடித்த எழுத்துகள் வேறொரு சரியான சொல்லாக அமைந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. அப்படித் தப்பிவிடும் பிழைகள் சிறு பட்டியலில் 2 விழுக்காடு என்றால், 50,000 சொற்களில் 10 விழுக்காடு, 3,50,000 சொற்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு என்று கணக்கிட்டார். துறைக்கேற்ற சிறிய பட்டியலே நல்லது என்பது அவர் முடிவு. 1989 இல் ஃபிரெட் டேமரோவும் எரிக் மேஸும் 2.2 கோடிச் சொற்கள் கொண்ட உண்மையான எழுத்துத் தொகுப்பை வைத்துச் சோதித்தார்கள். பட்டியலை 50,000 இலிருந்து 60,000 ஆக்கியபோது, வீணாகக் கோடு விழுந்துகொண்டிருந்த 1,348 சரியான சொற்கள் விடுபட்டன. புதிதாகத் தப்பித்த பிழைகள் 23 மட்டுமே. பீட்டர்சனின் கணக்கில் அரிதான சொற்களும் அன்றாடச் சொற்களும் ஒரே எடையில் நின்றன. மக்கள் எழுதும் எழுத்தில் அப்படி நிற்பதில்லை. ஆகவே, அடிக்கடி புழங்கும் சொற்களைக் கொண்டு பட்டியலைப் பெரிதாக்குவது லாபம். ஒருவரும் எழுதாத சொற்களைக் கொட்டி நிரப்புவது நட்டம்.

ஆங்கில அகராதிகளைத் தொகுக்கும் கெவின் அட்கின்சன் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர். அவருடைய ஸ்கவுல் தொகுப்பில் சொற்கள் புழக்கத்தின் அளவுக்கேற்ப 10 முதல் 95 வரை படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான அகராதி 60 ஆம் படியோடு நிற்கும், பெரிய அகராதி 70 வரை போகும். பயர்பாக்ஸில் ஆங்கிலம் எழுதும்போது நல்ல சொற்களுக்கெல்லாம் கோடு விழுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உலாவியையே மாற்ற வேண்டியதில்லை. நீட்சிகள் கிடைக்கும் இடத்தில் பெரிய அகராதி ஒன்றைத் தேடிச் சேர்த்தாலே குறை பாதி தீரும்.

அடுத்தது ஊகம். தவறு என்று தெரிந்த பிறகு எதைப் பரிந்துரைப்பது? 1964 இலேயே டேமரோ ஒன்றைக் கண்டறிந்தார். எழுத்துப் பிழைகளில் 80 விழுக்காடு, ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து விடுபடுதல், ஓர் எழுத்து மாறுதல், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறுதல் என்ற நான்கில் ஒன்றாகவே இருக்கின்றன. சோவியத் நாட்டில் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965 இல் வேறொரு நோக்கத்துக்காக ஏறத்தாழ இதே கணக்கைச் செய்தார். எத்தனை மாற்றங்களில் ஒரு சொல் இன்னொரு சொல்லாகிறது என்பதே இரண்டு சொற்களுக்கு இடையிலான தூரம்.

தமிழில் இந்தத் தூரத்தை எதால் அளப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "வாந்தான்" என்று ஒருவர் அடித்துவிட்டார். அவர் நினைத்தது "வந்தான்" ஆக இருக்கலாம், "வாழ்ந்தான்" ஆகவும் இருக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஓர் எழுத்துத் தொலைவுதான்: முன்னதில் வா, வ ஆக வேண்டும், பின்னதில் ழ் சேர வேண்டும். யூனிகோடிலோ "ழ்" என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். ஆகவே குறிகளை எண்ணும் பொறிக்கு "வாழ்ந்தான்" இரண்டு அடி தள்ளி நிற்கிறது. பரிந்துரைப் பட்டியலில் கீழே போய்விடுகிறது. தமிழ்ப் பிழைதிருத்தி எழுத்தை எண்ண வேண்டும், குறியை அல்ல. அதோடு ல, ள, ழ ஒன்றுக்கொன்று மாறுவதும், ர, ற மாறுவதும், ன, ண, ந மாறுவதும் நம்மிடம் மிகுதி. இந்த மாற்றங்களுக்குத் தூரத்தைக் குறைத்துக் கணக்கிடச் சொல்லும் வசதி ஹன்ஸ்பெல்லின் விதிக்கோப்பிலேயே இருக்கிறது. எழுதி வைத்தால் பலன் தரும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. "பௌர்ணமி" என்பதை ஔகாரக் குறியோடு எழுதாமல், ஒற்றைக்கொம்பு, பகரம், பிறகு தனியான ளகரம் என்று "பெளர்ணமி" ஆக அடிப்பவர்கள் ஏராளம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் 7 இன் வடிவமான "௭" ஐ அடிப்பதும் அப்படியே. படிப்பவருக்குக் குறையில்லை, தேடுபொறியில் அந்தச் சொல் அகப்படாமல் போகும். இந்த இரண்டையும் பிடிக்கிற பிழைதிருத்தி, மற்ற எதைச் செய்யாவிட்டாலும் வைத்துக்கொள்ளத் தகுந்தது.

தூரம் சமமாக இருக்கும்போது எதை முதலில் வைப்பது? 1990 இல் பெல் ஆய்வகத்தின் மார்க் கெர்னிகன், கென்னத் சர்ச், வில்லியம் கேல் மூவரும் இதற்கு நிகழ்தகவைக் கொண்டுவந்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் 1988 ஆம் ஆண்டுச் செய்திகள், மொத்தம் 4.4 கோடிச் சொற்கள், அவர்களுக்குத் தரவாக இருந்தன. ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும், ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தை மக்கள் எவ்வளவு அடிக்கடி அடிக்கிறார்கள் என்பதையும் பெருக்கினார்கள். அதிக மதிப்பு வந்த சொல் முதலிடம் பெற்றது. இந்தக் கணக்கின்படி "வாந்தான்" என்பதற்கு "வந்தான்" முதலில் வரும், ஏனென்றால் அது அதிகம் புழங்கும் சொல். ஆனால் எழுதியவர் "மதுரையில் பத்து வருடம் வாந்தான்" என்று எழுதியிருந்தால்? முன்னே இருக்கும் சொற்களைப் பார்க்காமல் விடை கிடைக்காது. உலாவியோடு வரும் ஹன்ஸ்பெல் ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் பார்க்கிறது. அதன் எல்லை அங்கே முடிகிறது.

தமிழுக்கு இந்த எல்லை பெரிய இழப்பு. நம் எழுத்தில் மிகவும் மலிந்த பிழை ஒற்றுப்பிழை. "மரத்தை பார்த்தேன்" என்று எழுதினால் ப் விடுபட்டது தெரிய, அடுத்த சொல்லைப் பார்த்தாக வேண்டும். மரத்தை, மரத்தைக், மரத்தைச், மரத்தைத், மரத்தைப் ஆகிய ஐந்து வடிவங்களும் தனித்தனியே சரி என்பதால், சொல் சொல்லாகப் பார்க்கும் இயந்திரம் ஐந்தையும் விட்டுவிடும். எனவே தமிழில் எழுதுகிறவர்கள் உலாவியோடு வரும் வசதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப் பிழைகளையும், அவருடைய நாவி சந்திப் பிழைகளையும் இணையத்தில் பார்த்துக் கொடுக்கின்றன. ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய மென்தமிழ் சொல்லாளர் கணினியில் நிறுவிப் பயன்படுத்துவது. டேனியல் நேபர் 2003 இல் தன் பட்டப்படிப்பு ஆய்வாகத் தொடங்கிய லாங்குவேஜ்டூல் சொற்களைச் சேர்த்துப் பார்க்கிற கட்டற்ற மென்பொருள்; ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மிக வலுவானது, தமிழுக்கும் சில விதிகள் அதில் இருக்கின்றன. முக்கியமான கட்டுரையை உலாவிப் பெட்டியில் எழுதி அப்படியே அனுப்பாமல், இவற்றில் ஒன்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே என் பரிந்துரை.

சூழலைப் பார்க்கும் பிழைதிருத்திகள் பல, உங்கள் எழுத்தை வேறொரு கணினிக்கு அனுப்பித்தான் பார்க்கின்றன. குரோமில் அடிப்படைச் சரிபார்ப்பு, மேம்பட்ட சரிபார்ப்பு என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலாவது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். இரண்டாவதை நீங்களாக இயக்கினால்தான் இயங்கும். அப்போது நீங்கள் அடிப்பது கூகுளுக்குப் போகும். 2022 இல் ஓட்டோ-ஜேஎஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், படிவங்களில் நிரப்பும் சொந்த விவரங்களும் இப்படிப் போவதை எடுத்துக்காட்டியது. கடவுச்சொல்லை மறைக்காமல் காட்டும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கடவுச்சொல்லும் சேர்ந்து போயிற்று. நீட்சிகளிலும் ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரியில் கிராமர்லி நீட்சியில் இருந்த ஓட்டையால், எந்த இணையதளமும் பயனரின் கணக்குக்குள் நுழைய முடியும் என்பதைக் கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்தார். நிறுவனம் உடனே அடைத்துவிட்டது. மருத்துவக் குறிப்பு, வழக்கு விவரம், வங்கிக் கடிதம் எழுதுகிற உலாவியில் வெளியே அனுப்பும் பிழைதிருத்தி இருக்கவே கூடாது என்பேன். லாங்குவேஜ்டூலை நம் கணினியிலேயே நிறுவி ஓட்ட முடியும் என்பது அதன் பெரிய சிறப்பு.

கையில் இருப்பதையே கூர்மையாக்கவும் வழிகள் உண்டு. பயர்பாக்ஸ் இயல்பாகப் பல வரி எழுதும் பெட்டிகளை மட்டும்தான் பார்க்கும். அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் எழுத்துப்பிழைச் சரிபார்ப்புக்கான எண்ணை 1 இலிருந்து 2 ஆக்கினால், ஒற்றை வரிப் பெட்டிகளையும் பார்க்கும். 2022 மே மாதம் வந்த பயர்பாக்ஸ் 100 முதல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று மொழி அகராதிகளைச் சேர்த்து இயக்கலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. குரோமின் அகராதிப் பட்டியலிலும் தமிழ் இருக்கிறது, அமைப்புகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எது நல்லது என்று முடிவெடுக்க விளம்பரங்களைப் படிக்கத் தேவையில்லை. நன்றாக மெய்ப்புப் பார்த்து அச்சான உங்கள் கட்டுரை ஒன்றை ஒட்டுங்கள். சரியான சொற்களில் எத்தனைக்குக் கோடு விழுகிறது என்று எண்ணுங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையே அதில் வேண்டுமென்று புகுத்துங்கள். எத்தனை தப்பிக்கின்றன, பிடிபட்டவற்றுக்குச் சரியான சொல் பரிந்துரையில் முதலாவதாக நிற்கிறதா என்று பாருங்கள். வீண்கோடு அதிகமுள்ள பிழைதிருத்தியை மனிதர்கள் விரைவில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அது சரியாகப் பிடித்த பிழையும் திருத்தப்படாமல் போகிறது. ஆகவே முதல் எண்ணிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

தமிழைப் பொறுத்தவரை பொறி நம் உலாவிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது விதிக்கோப்பு. அது சாதாரண எழுத்துக் கோப்புதான், குறிப்பேட்டில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். மகர ஈற்றுப் பெயர்கள், குற்றியலுகரப் பெயர்கள், வினை வாய்பாடுகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இலக்கணம் தெரிந்தவர்கள் தேவை. அவற்றைக் கோப்பில் ஏற்ற நிரல் தெரிந்தவர்கள் தேவை. தமிழ்த்துறையும் கணினித்துறையும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கும் கல்லூரிகள் நம்மிடம் நிறைய உண்டு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் யாராவது அங்கே இருந்தால், அடுத்த பருவத்தின் செய்முறைத் திட்டமாக இதை மாணவர்களிடம் கொடுங்கள்.